தொழிற்சாலையில் தயாராகும் வீடுகளுக்கு அரசுப் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடகையும் வீட்டு விலையும் சம்பளத்தை முந்திக்கொண்டு ஓடும் நாடுகளில் எல்லாம் ஒரு யோசனை திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டைத் தொழிற்சாலையில் செய்து, லாரியில் கொண்டுவந்து பொருத்தலாம். அதற்கு அரசு பணம் கொடுத்தால் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் வீடு கிடைக்கும் என்பதுதான் அது. நல்ல யோசனை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் பணத்தை எங்கே போடுவது என்பதில் பல அரசுகள் சறுக்கியிருக்கின்றன. தொழிற்சாலையைத் திறந்துவைக்கப் பணம் வந்துவிடுகிறது. அதற்குத் தொடர்ந்து வேலை கொடுக்கவும், வீடு நிற்கப்போகிற நிலத்தைக் காக்கவும் வருவதில்லை. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வரும்.

தொழிற்சாலை வீடு என்றால் எந்த வகையைச் சொல்கிறீர்கள்?

மூன்று நான்கு வகைகள் உண்டு. சுவர், தளம், படிக்கட்டு போன்றவற்றைத் தனித்தனி கான்கிரீட் துண்டுகளாக வார்த்து, கட்டும் இடத்தில் இணைப்பது ப்ரீகாஸ்ட். மரச்சட்டத்திலோ எஃகுச் சட்டத்திலோ சுவர்ப் பலகைகளைச் செய்து அனுப்புவது பேனல் முறை. அறையை முழுப் பெட்டியாகவே, வயரிங், குழாய், டைல்ஸ், ஜன்னல் எல்லாம் முடித்து அனுப்பி, கிரேன் வைத்து அடுக்குவது மாடுலர். இவை தவிர அமெரிக்காவில் தனியாக ஒரு வகை உண்டு. இரும்புச் சட்டத்தின் மேல் முழு வீடும் தொழிற்சாலையிலேயே முடிந்து, இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தப்படும். இதற்கென்று அந்த நாட்டில் 1976 ஜூன் முதல் தேசிய அளவில் ஒரே கட்டுமான விதி இருக்கிறது. முன்பு மொபைல் ஹோம் என்று அழைக்கப்பட்டவையின் வாரிசுகள் இவை.

வகை மாறினால் செலவும் மாறும், கடன் கிடைப்பதும் மாறும். ஒரு அரசு 'ப்ரீஃபேப் (முன்கூட்டியே செய்த) வீட்டுத் திட்டம்' என்று அறிவித்தால் முதலில் எந்த வகை என்று கேட்டுவிடுங்கள்.

செலவு உண்மையிலேயே குறையுமா?

நேரம் நிச்சயம் குறையும். இடத்தில் அஸ்திவாரம் போடும்போதே தொழிற்சாலையில் அறைகள் தயாராகிக்கொண்டிருக்கும். மழை பெய்தாலும் வேலை நிற்காது. மாடுலர் முறையில் கட்டும் காலம் 20 முதல் 50 சதவீதம் வரை குறையலாம் என்று 2019இல் மெக்கின்சி என்ற மேலாண்மை ஆலோசனை நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. செலவில் அதே ஆய்வு சொன்ன மிச்சம், எல்லாம் கூடிவந்தால் அதிகபட்சம் 20 சதவீதம். 'கூடிவந்தால்' என்பதைக் கவனியுங்கள். போக்குவரத்துச் செலவும் கிரேன் வாடகையும் ஏறினால் அந்த மிச்சம் கரைந்துவிடும் என்றும் அவர்களே எச்சரித்திருந்தார்கள்.

நன்றாக நடந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். சான் பிரான்சிஸ்கோ நகரில் வீடற்றவர்களுக்காக 145 சிறு குடியிருப்புகள் கொண்ட தஹானன் என்ற கட்டடம் மாடுலர் முறையில் எழுந்தது. அந்த ஊரில் இதுபோன்ற திட்டங்கள் இழுத்துக்கொண்டே போவது வழக்கம். இது சுமார் மூன்று வருடத்தில், ஒரு குடியிருப்புக்கு 4 லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் முடிந்தது. 4 லட்சம் டாலர் மலிவா என்று கேட்கலாம். அந்த நகரத்தின் வழக்கமான செலவோடு ஒப்பிட்டால் அது நல்ல மிச்சம்தான். ஆனால் அந்த மிச்சம் முழுவதும் தொழிற்சாலையால் வந்தது என்று சொன்னால் அது நேர்மையாகாது. தொடக்கத்திலேயே நன்கொடைப் பணம் கைக்கு வந்துவிட்டது. பத்து இடங்களில் நிதிக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அனுமதியும் வேகமான வழியில் கிடைத்தது. பணம் சீக்கிரமாகவும் ஒரே இடத்திலிருந்தும் வந்ததால்தான் தொழிற்சாலையின் வேகம் பயன்பட்டது. அரசுகள் இந்தப் பாதியை எப்போதும் மறந்துவிடுகின்றன.

அமெரிக்காவின் இரும்புச் சட்ட வீடுகளில் மிச்சம் இன்னும் தெளிவாகத் தெரியும். நிலத்தைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், ஒரு சதுர அடிக்கு ஆகும் விலை இடத்தில் கட்டும் வீட்டின் விலையில் ஏறக்குறைய பாதிதான். நிலத்தைச் சேர்க்காமல் என்ற நிபந்தனை எவ்வளவு பெரியது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

தனியார் நிறுவனங்களே செய்துகொள்ளட்டுமே? அரசு ஏன் வர வேண்டும்?

கட்டுமானத் தொழில் ஏறி இறங்கும் தொழில். வட்டி ஏறினால் வீடு விற்பனை படுத்துவிடும். இடத்தில் கட்டும் ஒப்பந்ததாரருக்கு இது பெரிய ஆபத்து இல்லை. ஆட்களைக் குறைப்பார், வாடகை இயந்திரங்களைத் திருப்பி அனுப்புவார், நல்ல காலத்துக்குக் காத்திருப்பார். தொழிற்சாலைக்காரரால் அப்படி முடியாது. கட்டடம், இயந்திரங்கள், பயிற்சி பெற்ற ஆட்கள், வாங்கிய கடன் என்று எல்லாமே ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செலவு வைத்துக்கொண்டே இருக்கும். யானையைக் கட்டித் தீனி போடுவது போலத்தான்.

இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் சக்தி அரசுக்குத்தான் உண்டு. சந்தை படுத்திருக்கும்போதும் ஏழைகளுக்கு வீடு தேவைப்படுகிறது. சொல்லப்போனால் அப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் அரசு ஆர்டர் கொடுத்தால் தொழிற்சாலையும் பிழைக்கும், வீடும் மலிவாகக் கிடைக்கும். அரசு இதில் நுழைய இதைவிட வலுவான காரணம் வேறில்லை.

முன்பு அரசுகள் இப்படிப் பணம் கொடுத்திருக்கின்றனவா?

பலமுறை கொடுத்திருக்கின்றன. அதில் லஸ்ட்ரான் கதையை ஒவ்வொரு வீட்டுவசதி அதிகாரியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கான வீரர்கள் அமெரிக்கா திரும்பினார்கள். தங்க வீடு இல்லை. கார்ல் ஸ்ட்ராண்ட்லண்ட் என்ற தொழிலதிபர், எனாமல் பூசிய எஃகுத் தகடுகளால் வீடு செய்கிறேன், பெயின்ட் அடிக்கவே வேண்டாம், துடைத்தால் போதும் என்றார். அரசின் கடன் நிறுவனமான மறுசீரமைப்பு நிதிக் கழகம் கொஞ்சம் கொஞ்சமாக 3 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல் அவருக்குக் கடன் கொடுத்தது. ஒஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரில், போர்க்காலத்தில் விமானம் செய்த பெரிய தொழிற்சாலை கிடைத்தது. ஒரு நாளைக்கு 100 வீடு என்பது இலக்கு. கடைசியில் வெளிவந்தவை மொத்தமே சுமார் 2,500 வீடுகள். 1950இல் அரசு கடனைத் திரும்பக் கேட்டது. நிறுவனம் மூழ்கியது.

வீடு மோசமாக இருந்ததால் இது நடக்கவில்லை. அந்த எஃகு வீடுகளில் ஏராளமானவை அரை நூற்றாண்டு தாண்டியும் உறுதியாக நின்றன. சிக்கல் தொழிற்சாலைக்கு வெளியே இருந்தது. உள்ளூர்க் கட்டட விதிகள் பல ஊர்களில் எஃகு வீட்டை ஏற்கவில்லை. விற்பனை முகவர்கள் வீட்டை முழுப் பணம் கொடுத்து வாங்கி, நிலத்தில் பொருத்திய பிறகுதான் வாங்குபவருக்கு வங்கிக் கடன் வரும். அதுவரை முகவரின் பணம் முடங்கிக் கிடக்கும். அரசு தொழிற்சாலைக்கு அள்ளிக் கொடுத்தது. முகவருக்கும் வாங்குபவருக்கும் கடன் வழியை யாரும் போட்டுவைக்கவில்லை.

பிரிட்டனில் கதை வேறு மாதிரி. 1944இல் தற்காலிக வீட்டுவசதிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, 15 கோடி பவுண்டு ஒதுக்கி, அரசே வீடுகளை ஆர்டர் செய்தது. சில வருடங்களுக்குள் 1,56,000க்கும் அதிகமான சிறு வீடுகள் எழுந்தன. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அலுமினிய வீடுகள். விமானம் செய்த ஆலைகளிலிருந்து நான்கு துண்டுகளாக லாரியில் வந்து இறங்கின. எதிர்பார்த்ததைவிடச் செலவு கூடியது உண்மை. ஆனால் குண்டு விழுந்து வீடிழந்தவர்களுக்கு உள்ளேயே கழிப்பறை, குளியலறை, குளிர்பதனப் பெட்டியோடு வீடு கிடைத்தது. அந்தக் காலத்தில் அங்கே நடுத்தரக் குடும்பங்களுக்கே இவ்வளவு கிடையாது. சுமார் பத்து வருடம்தான் நிற்கும் என்று திட்டமிட்டவற்றில் சில இந்த நூற்றாண்டு வரை குடியிருப்பாகவே இருந்தன.

இரண்டிலும் அரசுப் பணம்தான். ஒரு அரசு தொழிற்சாலைக்குக் கடன் கொடுத்தது, இன்னொரு அரசு வீட்டுக்கு ஆர்டர் கொடுத்தது. முடிவு எப்படி மாறியது பாருங்கள்.

அது பழைய கதை. இப்போது தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டதே?

வளர்ந்திருக்கிறது. ஆனால் விழுவது அதே காரணத்தால்தான். வீட்டுப் பாகங்களைத் தொழிற்சாலையில் செய்த கலிஃபோர்னியாவின் கட்டேரா நிறுவனம், சாஃப்ட்பேங்க் என்ற ஜப்பானிய முதலீட்டு நிறுவனம் உள்ளிட்டோரிடம் நூறு கோடி டாலருக்கு மேல் முதலீடு வாங்கி, 2021இல் திவாலானது. பிரிட்டனில் லீகல் அண்ட் ஜெனரல் என்ற பெரிய காப்பீட்டு நிறுவனம் 2016இல் திறந்த மாடுலர் தொழிற்சாலையில் 2023இல் புதிய உற்பத்தியை நிறுத்தியது. அதே வருடம் ஜூனில் இல்கே ஹோம்ஸ் என்ற இன்னொரு மாடுலர் வீட்டு நிறுவனம் மூழ்கியது. அது அரசின் வீட்டுவசதி அமைப்பிடமிருந்து பெரும் கடன் வாங்கிய நிறுவனம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள்.

இதற்குப் பிறகு பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையின் குழு ஒன்று விசாரித்தது. அரசு பணத்தைப் போட்டதே தவிர, அதற்குப் பின்னால் ஒத்திசைவான திட்டம் எதுவும் இல்லை என்று 2024 தொடக்கத்தில் கண்டித்தது. அனுமதி தாமதமாகி ஒரு திட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனால், இடத்தில் கட்டுபவர் ஆறு மாதம் காத்திருப்பார். தொழிற்சாலையில் அந்த ஆறு மாதமும் உற்பத்தி வரிசை வெறுமையாக ஓடும். அதைத் தாங்க எந்த மானியமும் போதாது.

அப்படியென்றால் எங்கேதான் நன்றாக நடந்தது?

சிங்கப்பூரைப் பார்க்கலாம். அங்கே வீட்டுவசதி வாரியமே நாட்டின் மிகப் பெரிய வீடு கட்டும் அமைப்பு. 1980களின் தொடக்கத்திலிருந்தே ப்ரீகாஸ்ட் துண்டுகளைப் பெரிய அளவில் பயன்படுத்துகிறது. மக்களில் முக்கால்வாசிப் பேருக்கும் மேல் வாரிய வீடுகளில் வசிக்கும்போது, தொழிற்சாலைக்கு அடுத்த ஆர்டர் எங்கிருந்து வரும் என்ற கவலை எழாது. அப்புறம் 2014 முதல், தேர்ந்தெடுத்த அரசு நிலங்களை விற்கும்போது அங்கே மாடுலர் முறையில்தான் கட்ட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். நிலம் அரசின் கையில் இருந்ததால் இது முடிந்தது.

ஸ்வீடன் இன்னொரு பாடம். 1965 முதல் 1974 வரை பத்து வருடத்தில் பத்து லட்சம் வீடு என்று அந்த அரசு திட்டமிட்டது. அரசுக் கடன் வசதியோடு அதைச் செய்தும் காட்டியது. கடைசி வருடங்களில் பல வீடுகள் காலியாகக் கிடந்தன, சில குடியிருப்புகள் சலிப்பூட்டும் கான்கிரீட் வரிசைகளாக அமைந்தன என்ற விமர்சனமும் நியாயம்தான். ஆனாலும் தொழிற்சாலைப் பழக்கம் அந்த நாட்டில் ஆழமாக வேர்விட்டுவிட்டது. இன்று அங்கே தனிவீடுகளில் பெரும்பாலானவை தொழிற்சாலையில் செய்த மரச்சுவர்களோடுதான் எழுகின்றன.

சோவியத் ஒன்றியத்தையும் விட்டுவிட முடியாது. 1957இல் குருசேவ் காலத்தில் வந்த தீர்மானத்துக்குப் பிறகு, லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடங்கள் நாடெங்கும் எழுந்தன. கூட்டுக் குடியிருப்பில் ஒரே சமையலறையைப் பல குடும்பங்களோடு பகிர்ந்துகொண்டிருந்த கோடிக்கணக்கானோருக்கு முதன்முறையாகத் தனி வீடு கிடைத்தது. சமையலறை சின்னது, சுவர் மெல்லியது. இருந்தாலும் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு வீடு இருந்தது. இதை ஏளனமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இந்தியாவில்?

1948இலேயே டெல்லியில் அரசு வீட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் வழிவந்ததுதான் ஹிந்துஸ்தான் ப்ரீஃபேப் என்ற பொதுத்துறை நிறுவனம். அண்மைக் காலத்தில், 2021 ஜனவரி 1 அன்று இந்தூர், ராஜ்கோட், சென்னை, ராஞ்சி, அகர்தலா, லக்னோ ஆகிய ஆறு நகரங்களில் மத்திய அரசின் 'லைட் ஹவுஸ்' என்ற மாதிரி வீட்டுத் திட்டங்களுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இடத்துக்குச் சுமார் ஆயிரம் வீடுகள், ஆறு இடத்துக்கும் ஆறு வெவ்வேறு தொழில்நுட்பங்கள். வழக்கமான வீட்டு மானியத்துக்கு மேல் தொழில்நுட்பத்துக்கென்று தனி நிதியும் உண்டு. 12 மாதத்தில் முடிப்பது இலக்கு. பெரும்பாலும் அதைவிட நாளானது.

எந்தத் தொழில்நுட்பம் ஒத்துவரும் என்று கற்றுக்கொள்ள இது நல்ல வழி. விலை குறைவதற்கு இது போதாது. ஒரே முறையில் பத்தாயிரம் வீடு, அதற்கடுத்து இன்னொரு பத்தாயிரம் என்று ஆர்டர் தொடர்ந்தால்தான் வார்ப்பு அச்சுகளின் செலவு ஒவ்வொரு வீட்டிலும் பரவிக் குறையும்.

அரசு எந்தெந்த வழிகளில் பணம் கொடுக்கலாம்?

நேரடி மானியம், குறைந்த வட்டிக் கடன், வங்கிக் கடனுக்கு உத்தரவாதம், வரிச்சலுகை, நிலம், மொத்தக் கொள்முதல் என்று பல வழிகள் உண்டு. எல்லாவற்றையும் வரிசையாக விளக்குவதைவிட, யாரும் அதிகம் பேசாத ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பணம் எப்போது கைக்கு வருகிறது என்பதுதான் அது.

வழக்கமான கட்டுமானக் கடனை வங்கி படிப்படியாக விடுவிக்கும். அஸ்திவாரம் முடிந்ததா, பார்த்துவிட்டு ஒரு தவணை. தளம் போட்டாயிற்றா, இன்னொரு தவணை. வேலை நிலத்தில் நிற்பதால் அது வங்கிக்கு அடமானம். தொழிற்சாலை வீட்டில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. இடத்தில் எதுவுமே இல்லாதபோது தொழிற்சாலைக்காரர் மரம், எஃகு, ஜன்னல் எல்லாம் வாங்கியாக வேண்டும். அவர் பெரிய முன்பணம் கேட்பார். வங்கி தயங்கும். 'அந்த அறை இன்னும் உன் நிலத்துக்கே வரவில்லை, தொழிற்சாலை நாளைக்குத் திவாலானால் எனக்கு எது மிஞ்சும்?' என்று கேட்கும். கேள்வி நியாயமானது. நடுவில் மாட்டிக்கொள்வது மலிவு வீடு கட்ட வந்த சிறு அறக்கட்டளையோ கூட்டுறவுச் சங்கமோதான். அவர்களிடம் கைப்பணம் இருக்காது.

இந்த இடைவெளியை அடைக்க அரசு தொழிற்சாலையே கட்ட வேண்டியதில்லை. தொழிற்சாலைக்குள் முடிந்த வேலையையும் முடிந்த வேலையாக ஏற்று, அங்கேயே ஆய்வாளரை அனுப்பிப் பார்த்து, தவணையை விடுவிக்கும் கடன் திட்டம் வேண்டும். தயாராகி நிற்கும் அறைகள் யாருக்குச் சொந்தம் என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுத வேண்டும். தொழிற்சாலை மூழ்கினால் முன்பணத்தை ஈடுகட்ட ஒரு பொது உத்தரவாத நிதி வேண்டும். இதற்கு ஆகும் பணம் ஒரு தொழிற்சாலைக்குக் கொடுக்கும் மானியத்தோடு ஒப்பிட்டால் சின்னது. ரிப்பன் வெட்ட எதுவும் இருக்காது என்பதால்தானோ என்னவோ, இது கடைசியில் வருகிறது.

நிலத்தைப் பற்றிப் பிறகு சொல்வதாகச் சொன்னீர்களே?

ஆமாம், எனக்கு அதிக வருத்தம் தரும் பகுதி இது. அமெரிக்காவில் ஏறக்குறைய 2 கோடிப் பேர் இரும்புச் சட்டத் தொழிற்சாலை வீடுகளில் வாழ்கிறார்கள். அரசு மானியம் இல்லாமலே குறைந்த வருமானக்காரர்களுக்குக் கிடைக்கும் வீடுகளில் இது மிகப் பெரிய பகுதி. இவர்களில் பலருக்கு வீடு சொந்தம், நிலம் சொந்தமில்லை. 'பார்க்' என்று சொல்லப்படும் மனைத்தொகுதியில் இடத்தை வாடகைக்கு எடுத்து, அதில் தங்கள் வீட்டை நிறுத்தியிருப்பார்கள்.

நிலம் சேராத வீடு சட்டத்தின் கண்ணில் கார் போன்ற அசையும் சொத்து. அதனால் வீட்டுக்கடன் கிடைக்காது; கூடுதல் வட்டியில், குறைந்த வருடங்களில் கட்ட வேண்டிய பொருட்கடன்தான் கிடைக்கும். தொழிற்சாலை மிச்சப்படுத்தியதை வட்டி தின்றுவிடும். மனை வாடகையை உரிமையாளர் ஏற்றினால் வேறு வழியும் இல்லை. பெயர்தான் மொபைல் ஹோம்; ஒருமுறை நிறுத்திய பிறகு அதை நகர்த்த ஆயிரக்கணக்கான டாலர் ஆகும், பழைய வீடாக இருந்தால் நகர்த்தவே முடியாது. இது தெரிந்துதான் பெரிய முதலீட்டு நிறுவனங்கள் இந்த மனைத்தொகுதிகளை வாங்கிக் குவித்து வாடகையை ஏற்றுகின்றன. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு மூதாட்டி, கடன் முழுவதையும் கட்டி முடித்த தன் சொந்த வீட்டைவிட்டு, கீழே உள்ள மண்ணின் வாடகையைக் கட்ட முடியாமல் வெளியேறும் நிலை வருகிறது. இதை எந்தத் தொழில்நுட்பமும் சரிசெய்யாது.

வழி இருக்கிறது. 1984இல் நியூ ஹாம்ப்ஷர் மாநிலத்தில் ஒரு மனைத்தொகுதியின் குடியிருப்பாளர்கள், ஒரு சமூகக் கடன் நிதியின் உதவியோடு, கூட்டுறவாகச் சேர்ந்து தாங்கள் இருந்த நிலத்தையே வாங்கினார்கள். அந்த மாதிரியை நாடெங்கும் கொண்டுபோக 2008இல் ஆர்ஓசி யுஎஸ்ஏ என்ற அமைப்பு தொடங்கியது. இன்று அதன் உதவியோடு நூற்றுக்கணக்கான மனைத்தொகுதிகள் குடியிருப்பவர்களின் கையில் இருக்கின்றன. மனை வாடகையைத் தீர்மானிப்பது அவர்களுடைய பொதுக்கூட்டம். அமெரிக்க வீட்டுவசதித் துறையும் இந்த மனைத்தொகுதிகளைப் பாதுகாக்கவும் சீரமைக்கவும் 22 கோடியே 50 லட்சம் டாலர் நிதித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தேவையோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போன அபூர்வமான உதாரணம்.

இந்த வீடுகள் பாதுகாப்பானவையா?

நன்றாகச் செய்து, நன்றாக இணைத்தால் பாதுகாப்பானவை. துண்டுகளாகச் செய்யும் எந்தக் கட்டடத்திலும் பலவீனமான இடம் இணைப்புதான். 1968 மே 16 அன்று லண்டனின் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில், 18ஆவது மாடியில் எரிவாயு வெடித்தது. வெடிப்பு பெரியதில்லை. ஆனால் ஒரு சுவர்ப் பலகை வெளியே தள்ளப்பட்டதும் அதன் மேல் இருந்தவை ஒவ்வொன்றாகச் சரிந்து, கட்டடத்தின் ஒரு மூலையே கீழே வந்தது. நான்கு பேர் இறந்தார்கள். ஆட்கள் குடியேறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

இதில் அரசுப் பணத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். 1956இல் வந்த சட்டப்படி, மாடி ஏற ஏற மானியமும் ஏறியது. உயரமாகக் கட்டினால் அதிகப் பணம், சீக்கிரம் கட்டினால் நல்ல பெயர் என்றால் உள்ளாட்சிகள் எந்தப் பக்கம் சாயும்? மானியத்தை எதற்குக் கொடுக்கிறோமோ அதுதான் கிடைக்கும். வீட்டின் எண்ணிக்கைக்கு மட்டும் பணம் கொடுத்தால் எண்ணிக்கை மட்டும்தான் வரும்.

1988 ஆர்மீனிய நிலநடுக்கத்தில் லெனினகான் நகரின் ஒன்பது மாடி ப்ரீகாஸ்ட் சட்டகக் கட்டடங்கள் பெருமளவில் நொறுங்கின. அதே ஊரில் பெரிய சுவர்ப் பலகைகளால் கட்டியவை நின்றன. அதனால் 'ப்ரீகாஸ்ட் ஆபத்து' என்று பொதுவாகச் சொல்வது சரியில்லை. எந்த முறை, எப்படி இணைத்தார்கள், யார் சோதித்தார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். விதிகளை அவ்வப்போது இறுக்குவதும் பலன் தரும். 1992இல் ஆண்ட்ரூ புயல் தொழிற்சாலை வீடுகளைத் துவம்சம் செய்த பிறகு, 1994இல் அமெரிக்கா காற்றுத் தாங்கும் விதிகளைக் கடுமையாக்கியது. அதன் பிறகு செய்தவை அடுத்து வந்த புயல்களில் பழையவற்றைவிட நன்றாகவே தாங்கின.

கட்டடத் தொழிலாளர்களின் வேலை போய்விடாதா?

இடத்தில் செய்யும் வேலை குறையும், மறைக்க வேண்டியதில்லை. அஸ்திவாரம், இணைப்பு, வடிகால், மின் இணைப்பு ஆகியவை இருக்கும். சென்ட்ரிங், கலவை, பூச்சு வேலைகள் குறையும். தொழிற்சாலை வேலையில் வெயில் மழை இல்லை, உயரத்திலிருந்து விழும் ஆபத்து குறைவு, மாதச் சம்பளம் உண்டு, பெண்களும் எளிதாக வர முடியும். ஆனால் இடத்தில் வேலை இழந்தவரையே தொழிற்சாலை தானாக எடுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. அரசுப் பணம் வாங்கும் தொழிற்சாலைக்கு உள்ளூர்க் கட்டடத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலையில் சேர்க்கும் நிபந்தனை இருக்க வேண்டும்.

எல்லாம் ஒரே மாதிரி, முகாம் போல இருக்காதா?

அது வடிவமைப்பவரின் குறை. இடத்தில் கட்டிய அரசுக் குடியிருப்புகளிலும் முகாம் போன்றவை ஏராளம்.

தொலைவில் உள்ள சிற்றூர்களுக்கு இது பொருந்துமா?

சாலையைப் பொறுத்தது. முழு அறைப் பெட்டிகள் அகலமானவை. குறுகிய பாலம், தாழ்ந்த மின்கம்பி, கொண்டை ஊசி வளைவு எல்லாம் தடை. தூரம் கூடினால் லாரிச் செலவு மிச்சத்தைத் தின்றுவிடும். அங்கே தட்டையாக அடுக்கி அனுப்பும் பேனல் முறை நல்லது. கொத்தனாரும் தச்சரும் கிடைக்காத ஊர்களில் இது பெரிய உதவியாகவே இருக்கும்.

புதிதாக எந்த நாடாவது பெரிய அளவில் இறங்கியிருக்கிறதா?

கனடா. 2025 செப்டம்பரில் 'பில்ட் கனடா ஹோம்ஸ்' என்ற அரசு அமைப்பை 1,300 கோடி கனடிய டாலர் தொடக்க மூலதனத்தோடு அறிவித்தார்கள். தொழிற்சாலை வீடுகளுக்கு முன்னுரிமை, அரசு நிலத்தில் கட்டுவது, மொத்தமாக ஆர்டர் கொடுப்பது ஆகியவை அதன் திட்டம். ஆர்டரும் நிலமும் ஒரே அமைப்பின் கையில் இருப்பது எனக்கு நம்பிக்கை தருகிறது. அடுத்த அரசு வந்தாலும் ஆர்டர் தொடருமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அரசுப் பணத்தில் வந்த வீட்டை வாங்கியவர் இரண்டு வருடத்தில் லாபத்துக்கு விற்றுவிட்டால்?

அந்த வீடு அதோடு மலிவு வீடு என்ற கணக்கிலிருந்து போய்விடும். மானியம் ஒரு குடும்பத்தோடு முடிந்துவிடும். நிலத்தை ஓர் அறக்கட்டளையோ கூட்டுறவோ உள்ளாட்சியோ வைத்துக்கொண்டு, வீட்டை மட்டும் விற்று, மறுவிற்பனை விலைக்கு வரம்பு வைப்பது நல்ல வழி. விற்பவருக்கு அவர் கட்டிய பணமும் நியாயமான ஏற்றமும் கிடைக்கும், அடுத்த குடும்பத்துக்கும் வீடு எட்டும் விலையில் இருக்கும். இந்த நிபந்தனையைப் பணம் கொடுக்கும் நாளிலேயே பத்திரத்தில் எழுத வேண்டும். பிறகு சேர்க்க முடியாது.

தொழிற்சாலை மூடிவிட்டால் பழுதுபார்ப்பது யார்?

மிக நல்ல கேள்வி; ஒப்பந்தம் போடும்போது யாரும் கேட்காத கேள்வியும் இதுதான். செங்கல் வீட்டில் சுவர் விரிசல் விட்டால் எந்தக் கொத்தனாரும் பார்ப்பார். தொழிற்சாலை வீட்டில் ஒரு பலகையோ, இணைப்பு முனையோ, ஜன்னல் சட்டமோ அந்த நிறுவனத்தின் அளவில் மட்டுமே இருக்கலாம். லஸ்ட்ரான் வீட்டுக்காரர்கள் இன்றும் இடிக்கப்படும் இன்னொரு லஸ்ட்ரான் வீட்டிலிருந்து தகடு எடுத்துத்தான் தங்கள் வீட்டைச் சரிசெய்கிறார்கள். இதைத் தவிர்க்க, பொதுப் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் முழு வரைபடங்கள், இணைப்பு விவரங்கள், உள்ளே ஓடும் குழாய் மற்றும் வயரிங் படங்கள் அனைத்தையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். நிறுவனம் மூடினால் அந்தப் பாகங்களை வேறு யாரும் செய்து விற்கும் உரிமையும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். முடிந்தவரை கடையில் கிடைக்கும் பொதுவான அளவிலேயே கதவு, ஜன்னல், குழாய் போடச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் சாவியோடு சேர்த்து அவர் வீட்டின் வரைபடத்தின் ஒரு பிரதியைக் கொடுத்துவிட வேண்டும்.